சாக்லேட்டும் திராட்சைச் சக்கையும் இதயத்துக்கு நல்லவையா? ஆய்வுகளைப் புரிந்துகொள்ள ஓர் அறிமுகம்

திராட்சையைப் பிழிந்து சாறு எடுத்த பிறகு தோலும் விதையும் சிறு காம்புகளும் கலந்த ஈரச் சக்கை மிஞ்சுகிறது. பிழியப்பட்ட பழத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரை இப்படிச் சக்கையாகவே ஒதுங்கிவிடுகிறது. உலகில் ஆண்டுதோறும் 7 கோடி டன்னுக்கு மேல் திராட்சை விளைகிறது; அதில் பெரும் பகுதி ஒயின் தயாரிப்புக்குப் போகிறது என்பதால், மிஞ்சும் சக்கை எவ்வளவு என்பதை ஊகித்துக்கொள்ளலாம். சாக்லேட்டின் மூலப்பொருளான கொக்கோவிலும் இதே நிலைதான். கொக்கோப் பழத்தின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு தடித்த மேலோடு. உள்ளிருக்கும் கொட்டைகளை வறுத்து உடைக்கும்போது அவற்றின் மெல்லிய தோலும் தனியே பிரிகிறது. இவற்றில் ஒரு பகுதி உரமாகவும் கால்நடைத் தீவனமாகவும் பயன்பட, மீதி கழிவாகிறது.

இந்தக் கழிவின் மீது இதயநோய் ஆய்வாளர்களுக்கு அக்கறை வந்ததற்கு வேதியியல் சார்ந்த காரணம் ஒன்று உண்டு. திராட்சையிலிருந்து பிரித்தெடுக்கத்தக்க பாலிஃபீனால்கள் என்ற தாவரச் சேர்மங்களில் 60 முதல் 70 சதவீதம் விதையிலும், ஏறத்தாழ 30 சதவீதம் தோலிலும் இருக்கின்றன; நாம் சுவைத்து உண்ணும் சதைப்பகுதியில் இருப்பது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பிழியும்போது இவற்றில் ஒரு பகுதியே சாற்றில் இறங்குகிறது. பெரும் பகுதி சக்கையிலேயே தங்கிவிடுகிறது. கொக்கோக் கொட்டையிலும் இதே குடும்பத்தைச் சேர்ந்த சேர்மங்கள் நிறைந்துள்ளன. ஃபிளவனால் என்று அழைக்கப்படும் இந்தச் சேர்மங்களில் கேட்டச்சினும் எபிகேட்டச்சினும் தனித்தனி மூலக்கூறுகள். இவையே சங்கிலியாகக் கோத்துக்கொள்ளும்போது புரோசயனிடின்கள் உருவாகின்றன. கறுப்புச் சாக்லேட்டின் கசப்பும், திராட்சை விதையைக் கடித்தால் நாக்கில் ஏறும் துவர்ப்பும் பெரும்பாலும் இவற்றால் வருபவை. சிவப்புத் திராட்சையின் தோலில் இவற்றோடு நிறமியான ஆந்தோசயனினும், பெரிதாகப் பேசப்பட்ட ரெஸ்வெரட்ராலும், கணிசமான நார்ச்சத்தும் சேர்கின்றன.

ஆனால் ஒரு பொருளில் குறிப்பிட்ட சேர்மம் இருக்கிறது என்பதும், அந்தப் பொருளை உண்பவருக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு குறையும் என்பதும் முற்றிலும் வெவ்வேறு கூற்றுகள். முதல் கூற்றை ஆய்வகத்தில் ஒரே நாளில் நிறுவிவிடலாம். இரண்டாவதற்கு ஆயிரக்கணக்கானோரைப் பல ஆண்டுகள் கவனிக்க வேண்டும். அந்தச் சேர்மம் குடலில் உறிஞ்சப்படுகிறதா, இரத்தக் குழாயில் ஏதேனும் மாற்றம் செய்கிறதா, அந்த மாற்றம் நிலைத்து இரத்த அழுத்தத்தைக் குறைக்கிறதா என்ற கேள்விகள் இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கின்றன. செய்திகளில் வரும் குழப்பங்களில் பெரும்பாலானவை, நடுவிலுள்ள ஒரு கேள்விக்குக் கிடைத்த விடையை இறுதிக் கேள்விக்கான விடையாக எடுத்துக்கொள்வதால் வருபவை என்பதே என் கருத்து.

இரத்தக் குழாயில் என்ன நடக்கிறது?

பாலிஃபீனால்கள் உடலில் எப்படி வேலை செய்கின்றன என்பதற்கு நெடுங்காலம் சொல்லப்பட்ட விளக்கம், அவை ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள் என்பதாகும். சோதனைக் குழாயில் அவை அப்படித்தான் செயல்படுகின்றன. ஆனால் உண்ட பிறகு இரத்தத்தில் சேரும் அவற்றின் அளவு மிகக் குறைவு. ஏற்கெனவே இரத்தத்தில் இருக்கும் யூரிக் அமிலம், வைட்டமின் சி போன்ற தடுப்பான்களோடு ஒப்பிட்டால் அது பொருட்படுத்தத்தக்க அளவே அன்று. உணவுகளின் ஆக்சிஜனேற்றத் தடுப்புத் திறனை எண்களாகப் பட்டியலிட்டிருந்த அமெரிக்க வேளாண் துறை, அந்த எண்களுக்கும் உடல்நலத்துக்கும் தொடர்பு நிறுவப்படவில்லை என்று கூறி 2012-இல் அப்பட்டியலையே விலக்கிக்கொண்டது. ஆகவே ஒரு பொட்டலத்தில் ஆக்சிஜனேற்றத் தடுப்பான் நிறைந்தது என்று அச்சிட்டிருந்தால், அதைக் கொண்டு இதயத்தைப் பற்றி எதையும் முடிவு செய்ய இயலாது.

இப்போது கூடுதல் ஆதரவு பெற்றிருக்கும் விளக்கம் வேறு. இரத்தக் குழாயின் உட்புறம் முழுவதும் ஒற்றை அடுக்காகப் படர்ந்திருக்கும் எண்டோதீலியம் என்ற செல் படலம், இரத்தம் வேகமாக உரசிப் பாயும்போது நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை மிகச் சிறிய அளவில் வெளியிடுகிறது. அது அருகிலுள்ள தசைச் செல்களைத் தளர்த்த, குழாய் விரிகிறது. இரத்தம் எளிதாக ஓடுகிறது. இந்த வாயு உடலுக்குள் இப்படிச் செய்தி கடத்துகிறது என்பதைக் கண்டறிந்ததற்காக ராபர்ட் ஃபர்ச்காட், லூயிஸ் இக்னாரோ, ஃபெரிட் முராத் ஆகிய மூவருக்கும் 1998-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. வயதும் புகைப்பழக்கமும் நீரிழிவும் இந்தத் திறனை மங்கச் செய்கின்றன. கொக்கோ ஃபிளவனால்கள், குறிப்பாக எபிகேட்டச்சின், நைட்ரிக் ஆக்சைடு கிடைக்கும் அளவைக் கூட்டுகின்றன என்பதற்கு மனிதர்களிடம் செய்த சோதனைகளிலேயே சான்று உள்ளது.

அந்தச் சோதனை எப்படி நடக்கிறது என்பதைப் பார்த்தால், ஆய்வுக் கட்டுரைகளில் வரும் எண்கள் எளிதில் புரியும். பங்கேற்பாளர் வெறும் வயிற்றோடு வந்து, அமைதியான அறையில் படுத்து ஓய்வெடுக்கிறார். அவருடைய மேற்கையில் ஓடும் தமனியை அல்ட்ராசவுண்ட் கருவியால் படமெடுத்து விட்டத்தை அளக்கிறார்கள். அது நான்கு மில்லிமீட்டர் அளவில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிறகு முன்கையில் சுற்றிய பட்டையில் காற்றடைத்து, ஐந்து நிமிடங்கள் இரத்த ஓட்டத்தை நிறுத்துகிறார்கள். பட்டையைத் தளர்த்தியதும் தடுக்கப்பட்டிருந்த இரத்தம் வேகமாகப் பாய்கிறது. எண்டோதீலியம் நலமாக இருந்தால் அடுத்த ஓரிரு நிமிடங்களுக்குள் தமனி விரிகிறது. நான்கு மில்லிமீட்டர் 4.28 ஆனால் விரிவு 7 சதவீதம். கொக்கோப் பானம் அருந்திய இரண்டு மணி நேரத்தில் இந்த எண் கூடுகிறதா என்று மீண்டும் அளக்கிறார்கள். எபிகேட்டச்சின் இரத்தத்தில் உச்சம் தொடுவதும் ஏறக்குறைய அந்த நேரத்தில்தான். 42 சோதனைகளைத் தொகுத்து 2012-இல் வெளிவந்த மதிப்பாய்வில், ஒருமுறை அருந்திய பின் இந்த விரிவு சராசரியாக 3.19 சதவீதப் புள்ளியும், தொடர்ந்து உட்கொண்டவர்களிடம் 1.34 புள்ளியும் கூடியிருந்தது. வேறுபாடு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவே என்பதால், அளப்பவரின் கைத்திறனும், எது கொக்கோ, எது மருந்துப்போலி (ஒப்பீட்டுக்காகக் கொடுக்கும் போலிப்பொருள்) என்று அவருக்குத் தெரியாமல் இருப்பதும் இங்கே மிக முக்கியம்.

கொக்கோவைப் பற்றித் தெரிந்தவை

கொக்கோ ஆராய்ச்சிக்குப் பெரும் உந்துதல் தந்தவர்கள் பனாமா நாட்டின் சான் பிளாஸ் தீவுகளில் வாழும் குனா பழங்குடியினர். ஹார்வர்டு மருத்துவர் நார்மன் ஹோலன்பர்க்கும் அவருடைய குழுவினரும் 1997-இல் வெளியிட்ட ஆய்வில், தீவிலேயே வாழ்பவர்களுக்கு வயது கூடக்கூட இரத்த அழுத்தம் கூடவில்லை என்றும், பனாமா நகருக்குக் குடிபெயர்ந்த அதே இனத்தாருக்குக் கூடியது என்றும் காட்டினார்கள். இனம் ஒன்றே என்பதால் மரபணுவைக் காரணமாகச் சொல்ல முடியவில்லை. தீவினர் உப்பைக் குறைத்து உண்பவர்களாகவும் இல்லை. அவர்கள் நாள்தோறும் அருந்தும் கொக்கோப் பானத்தின் பக்கம் கவனம் திரும்பியது அப்படித்தான். ஆயினும் நகரத்துக்குப் போகும் ஒருவரின் வாழ்வில் பானம் மட்டும் மாறுவதில்லை. உழைப்பும் உறக்கமும் மன அழுத்தமும் மீன் உண்பதும் சேர்ந்தே மாறுகின்றன.

கவனிப்பு ஆய்வுகள் அனைத்துக்கும் உள்ள வரம்பு இது. நெதர்லாந்தின் சுட்ஃபன் நகரில் 470 முதியவர்களை 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2006-இல் வெளியான ஆய்வில், கொக்கோவை அதிகம் உண்ட மூன்றில் ஒரு பகுதியினரிடையே இதயநோய், இரத்தக் குழாய் நோய் மரணங்கள், மிகக் குறைவாக உண்டவர்களுடையவற்றில் ஏறத்தாழ பாதியாகவே இருந்தன. அவர்கள் உண்டதோ ஒரு நாளைக்கு நான்கு கிராம் கொக்கோ அளவில்தான். வியக்க வைக்கும் எண்தான். ஆனால் நலமாக இருப்பவர் இனிப்பைத் தயங்காமல் உண்பார், மருத்துவர் எச்சரித்தவர் தவிர்த்துவிடுவார் என்ற எளிய சாத்தியம்கூட இத்தகைய வேறுபாட்டை உண்டாக்கக்கூடும். இதயநோய் மருத்துவர் ஃபிரான்ஸ் மெசெர்லி 2012-இல் வெளியிட்ட சிறு கட்டுரை, ஒரு நாட்டில் தலைக்கு உண்ணப்படும் சாக்லேட் அளவும் மக்கள்தொகைக்கு ஏற்ற விகிதத்தில் அந்நாட்டினர் பெற்ற நோபல் பரிசுகளின் எண்ணிக்கையும் 23 நாடுகளில் எவ்வளவு நெருக்கமாகச் சேர்ந்து உயர்கின்றன என்று காட்டியது. சாக்லேட் உண்டு எவரும் நோபல் பரிசு பெறுவதில்லை. இரண்டுமே வளமான நாடுகளில் கூடுதலாக இருக்கின்றன என்பது பெரும்பாலும் போதுமான விளக்கம்.

இந்தச் சிக்கலைத் தாண்டவே, யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில் பிரித்துக் கொடுக்கும் சோதனைகள் தேவைப்படுகின்றன. இரத்த அழுத்தத்தைப் பொறுத்தவரை 35 சோதனைகளையும் 1,804 பங்கேற்பாளர்களையும் தொகுத்து, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2017-இல் வெளியிட்ட மதிப்பாய்வு, ஃபிளவனால் மிகுந்த கொக்கோப் பொருட்கள் மேல் அழுத்தத்தையும் கீழ் அழுத்தத்தையும் சராசரியாக 1.76 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குக் குறைத்தன என்று கண்டது. குறைவது உண்மை, ஆனால் மிகச் சிறிது. பெரும்பாலான சோதனைகள் சில வாரங்களே நீடித்தவை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இதுவரை நடந்தவற்றில் மிகப் பெரியது அமெரிக்காவில் நடந்த காஸ்மோஸ் சோதனை. 60 வயதைக் கடந்த ஆண்களும் 65 வயதைக் கடந்த பெண்களுமாக 21,442 பேர் பங்கேற்றனர். பாதிப் பேர் நாள்தோறும் 500 மில்லிகிராம் கொக்கோ ஃபிளவனால் அடங்கிய குளிகைகளை விழுங்கினர். மற்றவர்கள் மருந்துப்போலியை விழுங்கினர். ஏறத்தாழ மூன்றரை ஆண்டுக் கவனிப்புக்குப் பின் 2022-இல் முடிவுகள் வெளிவந்தன. மாரடைப்பு, பக்கவாதம் உள்ளிட்ட நிகழ்வுகள் கொக்கோக் குழுவில் 410 பேருக்கும் மருந்துப்போலிக் குழுவில் 456 பேருக்கும் நேர்ந்தன. அதாவது 10 சதவீதக் குறைவு. ஆனால் புள்ளியியல் கணக்குப்படி உண்மையான விளைவு 22 சதவீதக் குறைவிலிருந்து 2 சதவீதக் கூடுதல் வரை எங்கும் இருக்கலாம் என்பதால், இதைத் தற்செயல் அல்ல என்று உறுதியாகச் சொல்ல முடியாது. இதயநோய் மற்றும் இரத்தக் குழாய் நோய் மரணங்களை மட்டும் தனியே எடுத்தால் 27 சதவீதக் குறைவு தெரிந்தது. அது தற்செயலின் எல்லைக்குச் சற்று வெளியே நின்றது.

செய்தித் தலைப்புகள் அந்த 27-ஐப் பிடித்துக்கொண்டன. ஆனால் ஆய்வாளர்கள் தொடக்கத்திலேயே முதன்மை அளவீடு என்று அறிவித்திருந்தது மொத்த நிகழ்வுகளையே. மரணம் துணை அளவீடு. இந்த வேறுபாடு வெறும் சம்பிரதாயமல்ல. பல அளவீடுகளை எடுத்துவிட்டு, நன்றாக வந்ததை மட்டும் காட்டுவது, அம்பு விழுந்த இடத்தைச் சுற்றி வட்டம் வரைந்து குறி தப்பவில்லை என்பது போன்றது. ஜான் பொஹானன் என்ற பத்திரிகையாளர் 2015-இல் இதை வேண்டுமென்றே செய்து காட்டினார். 15 பேரிடம் 18 அளவீடுகள் எடுத்து, சாக்லேட் உண்டால் உடல் எடை விரைவாகக் குறையும் என்ற முடிவை ஓர் இதழில் வெளியிட வைத்தார். பல நாட்டுச் செய்தித்தாள்கள் அதை நம்பி அச்சிட்டன. ஒவ்வோர் அளவீட்டிலும் தற்செயலாகத் தவறு நேரும் வாய்ப்பு 5 சதவீதம் என்றால், ஒன்றோடொன்று தொடர்பில்லாத 18 அளவீடுகளில் ஒன்றாவது பொய்யாகத் தேறும் வாய்ப்பு 60 சதவீதம். காஸ்மோஸ் ஆய்வாளர்கள் அப்படிச் செய்யவில்லை. முதன்மை முடிவு உறுதியாகவில்லை என்று தாங்களே எழுதினார்கள். அதனாலேயே அந்த ஆய்வை நான் மதிக்கிறேன். அதன் செலவில் ஒரு பகுதியைச் சாக்லேட் நிறுவனமான மார்ஸ் ஏற்றது என்பதையும் வாசகர் அறிந்திருக்க வேண்டும். அது முடிவைப் பொய்யாக்கிவிடாது. ஆனால் இத்துறையின் ஆய்வுகளில் பல இப்படி நடப்பவை என்பதால், முதன்மை அளவீடு முன்கூட்டியே பதிவு செய்யப்பட்டதா என்று பார்ப்பது மேலும் அவசியமாகிறது.

காஸ்மோஸில் கொடுத்தது குளிகை, சாக்லேட் அல்ல என்பது பலருக்கு நினைவில் நிற்பதில்லை. கொட்டையைப் புளிக்கவைப்பதும் வறுப்பதும் ஃபிளவனால்களைக் குறைக்கின்றன. கசப்பைத் தணித்து நிறத்தைக் கருமையாக்கக் காரம் சேர்க்கும் முறை அவற்றைப் பெருமளவு அழிக்கிறது. காரம் சேர்க்காத கொக்கோத் தூளில் ஒரு கிராமுக்குச் சராசரியாக 34.6 மில்லிகிராம் ஃபிளவனால்களும், அதிகமாகக் காரம் சேர்த்த தூளில் 3.9 மில்லிகிராமும் இருந்ததாக 2008-இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து காட்டியது. நிறம் கருமையாக இருப்பதோ, பொட்டலத்தில் கொக்கோ சதவீதம் அதிகம் என்று இருப்பதோ ஃபிளவனால் அளவைச் சொல்லிவிடாது. மேலும் 100 கிராம் கறுப்புச் சாக்லேட்டில் 500 கலோரிக்கு மேல் இருக்கிறது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2023-இல், குறைந்தது 4 சதவீதம் ஃபிளவனால் உள்ள கொக்கோத் தூளுக்கு மட்டும், சான்று மிகக் குறைவு என்ற வாசகத்துடன் இதயநலக் கூற்று ஒன்றை அச்சிட இசைந்தது. சாதாரணக் கொக்கோத் தூளுக்கும் சாக்லேட்டுக்கும் அது பொருந்தாது என்று தெளிவாகவே சொல்லியது.

திராட்சைச் சக்கையைப் பற்றித் தெரிந்தவை

திராட்சையின் கதை ஒயினில் தொடங்கியது. கொழுப்பு மிகுந்த உணவை உண்டும் பிரெஞ்சு மக்களிடம் இதயநோய் குறைவாக இருப்பதற்கு ஒயின் காரணமாகலாம் என்று செர்ஜ் ரெனோ 1992-இல் எழுதியபின், திராட்சைத் தோலிலுள்ள ரெஸ்வெரட்ரால் உலகப் புகழ் பெற்றது. ஆனால் இத்தாலியின் கியான்டி பகுதியில் 783 முதியவர்களின் சிறுநீரில் ரெஸ்வெரட்ரால் சிதைபொருட்களை அளந்து, ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2014-இல் வெளியான ஆய்வு, அதன் அளவுக்கும் மரணத்துக்கும் இதயநோய்க்கும் எந்தத் தொடர்பையும் காணவில்லை. ரெஸ்வெரட்ரால் ஆய்வுகள் பலவற்றில் தரவுகள் திரிக்கப்பட்டிருந்ததைக் கனெக்டிகட் பல்கலைக்கழகம் 2012-இல் விசாரித்து அறிவித்ததும் இந்தத் துறையின் நம்பகத்தன்மையைப் பாதித்தது. இனி ரெஸ்வெரட்ராலை முன்னிறுத்தித் திராட்சைச் சக்கையை நியாயப்படுத்துவது சரியல்ல என்று நினைக்கிறேன்.

சக்கையில் நம்பிக்கை தருவது வேறு இரண்டு: விதையின் புரோசயனிடின்களும், தோலின் நார்ச்சத்தும். விதையிலிருந்து பிரித்தெடுத்த செறிவான சாறு பற்றி ஒன்பது சோதனைகளையும் 390 பேரையும் தொகுத்து 2011-இல் வந்த மதிப்பாய்வில் மேல் அழுத்தம் சராசரியாக 1.54 அலகு (மில்லிமீட்டர் பாதரசம்) குறைந்தது, கொலஸ்ட்ராலில் மாற்றமில்லை. 2016-இல் 16 சோதனைகளைத் தொகுத்த மற்றொரு மதிப்பாய்வு ஆறு அலகுக் குறைவைக் கண்டது. ஒரே கேள்விக்கு இவ்வளவு விலகிய விடைகள் வருவதே, அடிப்படைச் சோதனைகள் சிறியவை, ஒன்றுக்கொன்று ஒவ்வாதவை என்பதைக் காட்டுகிறது. விதைகளைப் பிழிந்தெடுக்கும் எண்ணெயை இதனோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஃபிளவனால்கள் எண்ணெயில் கரைவதில்லை என்பதால் அவை பிண்ணாக்கிலேயே தங்குகின்றன.

சாறாகப் பிரிக்காமல், நார்ச்சத்தும் பாலிஃபீனால்களும் சேர்ந்தே இருக்கும் சிவப்புத் திராட்சைப் பொடியை ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் நாள்தோறும் 7.5 கிராம் வீதம் 16 வாரங்கள் 34 பேருக்குக் கொடுத்து, 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். இரத்த அழுத்தமும் கொலஸ்ட்ராலும் குறைந்தன. ஒப்பீட்டுக் குழுவில் இருந்தவர்கள் ஒன்பது பேர் மட்டுமே என்பதால் இதைத் தொடக்கக் குறிப்பாகவே கொள்ள வேண்டும். ஆனாலும் எனக்கு இந்த அணுகுமுறை பிடித்திருக்கிறது. நீளமான புரோசயனிடின் சங்கிலிகள் சிறுகுடலில் உறிஞ்சப்படுவதே அரிது. அவை நாரோடு ஒட்டிக்கொண்டு பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள நுண்ணுயிர்களால் சிறு அமிலங்களாகச் சிதைக்கப்பட்ட பிறகே இரத்தத்தில் சேர்கின்றன. நுண்ணுயிர்த் தொகுதி ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், ஒரே அளவு உண்ட இருவரிடம் ஒரே விளைவை எதிர்பார்க்க இயலாது. சராசரி எண்கள் சிறியவையாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

இரண்டையும் இணைத்து, உலர்த்தி அரைத்த சக்கையைச் சாக்லேட்டில் கலக்கும் முயற்சிகளும் நடக்கின்றன. தொழில்நுட்பச் சிக்கல் முதலில் வருவது நாக்கில்தான்: துகள்கள் ஏறத்தாழ 30 மைக்ரோமீட்டருக்கு மேல் இருந்தால் மணல்போல் நெருடும், விதையின் துவர்ப்பை மறைக்கச் சர்க்கரையைக் கூட்டினால் நோக்கமே கெட்டுவிடும். பாதுகாப்பையும் கவனிக்க வேண்டும். கொக்கோ மரம் மண்ணிலிருந்து காட்மியம் என்ற நச்சு உலோகத்தை உறிஞ்சி விதையில் சேர்க்கக்கூடியது. ஐரோப்பிய ஒன்றியம் 2019 முதல் சாக்லேட்டுக்கு வரம்பு விதித்து நடைமுறைப்படுத்தியுள்ளது. திராட்சைத் தோலில் பூச்சிக்கொல்லி எச்சங்கள் தங்கக்கூடும் என்பதால், தீவனத்துக்காக ஒதுக்கிய சக்கையை அப்படியே உணவுக்குத் திருப்பிவிட முடியாது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தோ இரத்த அழுத்த மாத்திரையோ உட்கொள்பவர்கள், விதைச் சாற்றுக் குளிகைகளை மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. மருத்துவர் தந்த மாத்திரைக்கு இவை எதுவும் மாற்று அல்ல.

திராட்சைச் சக்கைக்குக் காஸ்மோஸ் அளவிலான சோதனை எதுவும் நடக்கவில்லை. நடத்துவதானால், முதலில் எந்த வகைத் திராட்சை, எந்த முறையில் உலர்த்தியது, ஒரு கிராமில் எவ்வளவு புரோசயனிடின் என்பவை வரையறுக்கப்பட்ட ஒரே சீரான பொடி வேண்டும். அதே நார்ச்சத்து இருந்தும் பாலிஃபீனால் நீக்கப்பட்ட பொடி ஒப்பீட்டுக் குழுவுக்கு வேண்டும். இல்லையெனில் பலன் நாரால் வந்ததா, பாலிஃபீனாலால் வந்ததா என்று பிரித்தறிய வழியில்லை. சுவையிலும் நிறத்திலும் அந்தப் போலிப்பொடி வேறுபடாமல் இருக்க வேண்டும் என்பதுதான், துவர்ப்பான ஒரு பொருளை ஆராய்பவர்களுக்கு எல்லாவற்றையும்விடக் கடினமான வேலை.